பதிவாகாத பேச்சு

சென்னையிலிருந்து திருவள்ளூர் மார்க்கமாக வரும் யூனிட் ரயிலில் வேப்பம்பட்டுக்கு முந்தைய நிலையம் திருநின்றவூர். அந்த ஊரின் தலபுராணம் ஒரு குடும்பத் தகராறில் தொடங்குகிறது. பெருமாளோடு மனத்தாங்கல் கொண்டு வைகுண்டத்தை விட்டு வெளியேறிய திருமகள் இங்கே வந்து நின்றாளாம். அழைத்து வரச் சமுத்திரராஜனை அனுப்பினார்கள். அவளுக்கு அவர் தகப்பன் முறை. ஆனாலும் தன்னைப் பெற்ற தாயே என்று விளித்துக் கெஞ்சினார். அவள் அசையவில்லை. கடைசியில் பெருமாளே கிளம்பி வந்தார். பக்தவத்சலப் பெருமாளும் என்னைப் பெற்ற தாயாரும் இன்று ஒரே கோயிலில் சேவை சாதிக்கிறார்கள். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திவ்யதேசம் அது.

கதை அத்தோடு நிறைவடைகிறது. பிரிந்ததற்கும் சேர்ந்ததற்கும் நடுவில், அவள் இங்கே நின்ற காலத்தில், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று புராணம் சொல்வதில்லை. யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள், யாரிடம் வாய்விட்டுப் பேசினாள் என்பதெல்லாம் கதைக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது தூது மட்டுமே.

சங்கப் புலவர்களும் இதற்கு விலக்கில்லை. மயிலுக்குப் போர்வை தந்த வள்ளல் என்று பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த பேகன், தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொரு பெண்ணோடு வாழ்ந்தவன். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நான்கு பெரும்புலவர்கள் இதற்காக அவனிடம் பேசப் போனார்கள். புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ள ஐந்து பாட்டுகள் இதைப் பற்றியவை. எங்களுக்குப் பரிசில் வேண்டாம், நீ அவளிடம் திரும்பிப் போ என்பது அவற்றின் சாரம். பரிசிலை நம்பி வாழ்ந்த புலவர்கள் அதையே வேண்டாமென்றது சாதாரணமான காரியம் இல்லை. பரணர் அவளிடமே நீ யார் என்று கேட்கிறார். அவள் அழுதுகொண்டே பதிலும் சொல்கிறாள். ஆனால் அந்தப் பதிலும் பேகன் முன் வைக்கப்படும் மனுவின் ஒரு பத்தியாகிவிடுகிறது. புலவர்கள் புறப்பட்டுப் போனபின் அவளோடு யார் பேசினார்கள் என்பதற்குப் பாட்டு இல்லை.

நம் மரபு பிரிவைக் கண்டு பதறுகிறது. சேர்த்துவைக்கப் படாதபாடு படுகிறது. சேர்ந்துவிட்டால் கோயில் கட்டுகிறது. சேராமல் போனவர்களின் மிச்ச வாழ்க்கையைப் பற்றி மட்டும் அதற்குப் பேச்சு வருவதில்லை. கசப்பான ஒரு விவாகரத்துக்குப் பிறகு வேப்பம்பட்டில் வந்து குடியேறியவள் என்ற முறையில், அந்த மிச்சத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

*

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். இந்த விஷயத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அல்ல. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்கும் ஆணுக்கும் திருமண பந்தத்திலிருந்து விலகும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1949இல், சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடை செய்து இந்துக்களுக்கு விவாகரத்து உரிமையும் தரும் சட்டத்தை இயற்றியது. நாடு முழுமைக்குமான இந்து திருமணச் சட்டம் அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்துத்தான், 1955இல், வந்தது. இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே பல சாதிகளில் பஞ்சாயத்தில் உட்கார்ந்து தீர்த்துவிடும் வழக்கமும், அறுத்துக்கட்டும் வழக்கமும் இருந்தன. விவாகரத்து மேல்நாட்டிலிருந்து வந்த நோய் என்று மேடையில் பேசுபவர்கள் தங்கள் பாட்டியிடம் ஒரு முறை விசாரிக்கலாம்.

1976இல் பரஸ்பர சம்மதத்தோடு பிரியும் பிரிவு சேர்ந்தது. முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் இடையே ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. தேவையானால் அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மீளமுடியாதபடி முறிந்துபோன திருமணத்தை அரசியலமைப்பின் 142ஆம் பிரிவின்கீழ் தானே கலைக்கலாம் என்று 2023 மே மாதத்தில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. வெளியே போவதற்கான வழி இப்படி முக்கால் நூற்றாண்டாகச் சிறுகச் சிறுக அகலமாகியிருக்கிறது.

வெளியே போனபின் என்ன என்பதற்கு இந்து திருமணச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. 15ஆம் பிரிவு. மேல்முறையீட்டுக்கான காலம் கழிந்தபின் மறுமணம் செய்துகொள்ளலாம் என்கிறது. ஆக, திரும்பிச் சேர்வதற்குச் சமரசம். சேராவிட்டால் இன்னொரு கல்யாணம். சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும் பாதைகள் இவ்வளவுதான். உறவினர் கண்ணுக்கும் இவ்வளவுதான் தெரியும். நீதிமன்ற வராந்தாவில் ஆலோசகர் கேட்டதையும், சித்தி வீட்டு வளைகாப்பில் ஒன்றுவிட்ட மாமா கேட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் வாசகத்தில்தான் வித்தியாசம் இருக்கும்.

இரண்டு பாதையிலும் போகாதவர்கள் எத்தனை பேர்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் விவாகரத்தானவர்கள் சுமார் 13.6 லட்சம். விவாகரத்து ஆகாமல் பிரிந்து மட்டும் வாழ்பவர்கள் சுமார் 35 லட்சம். ஏறக்குறைய இரண்டரை மடங்கு. தீர்ப்பும் இல்லாமல், திரும்பிப் போதலும் இல்லாமல், இடையிலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள் இவர்கள். இரண்டு வகையிலும் பெண்கள் ஆண்களைப்போல இரு மடங்கு. பிரிந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் பிரிந்த ஓர் ஆண் இருந்தாக வேண்டுமே, கணக்கு எங்கே இடிக்கிறது என்று தோன்றலாம். கணக்கு இடிக்கவில்லை. ஆண்களில் பலர் மறுபடி தாலி கட்டி அந்தப் பத்தியிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். பெண்கள் பத்தியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

*

நின்றுவிட்டவர்களில் மூத்தவர் ஒருவரை இங்கே சொல்ல வேண்டும். பம்பாய் ருக்மாபாய் 1864இல் பிறந்தார். பதினோரு வயதில் தாதாஜி பிகாஜி என்பவருக்குக் கட்டிவைத்தார்கள். அவரோடு வாழப் போக மறுத்தார். சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரி கணவர் வழக்குப் போட்டார். 1885இல் நீதிபதி பின்ஹே ருக்மாபாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் வழக்கு திரும்ப வந்தது. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன், கணவனோடு போ, இல்லையென்றால் ஆறு மாதம் சிறை என்றார். சிறைக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய். திலகரின் பத்திரிகை அவரைச் சாடியது. நாடே ஒரு பெண்ணின் படுக்கையறையைப் பற்றிக் கட்சி கட்டியது. 1888இல் கணவர் இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஒதுங்கினார்.

இதுவரை எல்லா வரலாற்று நூலிலும் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. பம்பாய் காமா மருத்துவமனையில் இருந்த டாக்டர் எடித் பீச்சி, எடின்பரோவில் பெண்களுக்கு மருத்துவப் படிப்பு கேட்டுப் போராடிய எழுவரில் ஒருவர், ருக்மாபாயை மருத்துவம் படிக்கத் தூண்டினார். அதற்குப் பணம் திரட்டவும் துணைநின்றார். லண்டன் போனபோது மெக்லாரன் தம்பதி வீட்டில் இடம் கிடைத்தது. 1894இல் டாக்டராகத் திரும்பி வந்தவர் சூரத்திலும் ராஜ்கோட்டிலும் முப்பத்தைந்து ஆண்டுகள் பிரசவம் பார்த்தார். மறுமணம் செய்யவில்லை. வழக்கு அவரைப் பிரபலமாக்கியது. நண்பர்கள்தான் அவரை டாக்டர் ஆக்கினார்கள். ஆனால் சட்டப் புத்தகத்தில் அவர் இன்றும் ஒரு வழக்கின் பெயர்.

1904இல் தாதாஜி இறந்தபோது ருக்மாபாய் விதவைக்குரிய வெள்ளைப் புடவைக்கு மாறினார் என்கிறார்கள். எந்த உறவை ஏற்க மாட்டேன் என்று சிறைக்குப் போகத் துணிந்தாரோ அந்த உறவுக்கான துக்கம். இதைப் படித்து ஏமாற்றம் அடைபவர்கள் உண்டு. கசந்து பிரிந்தவர்களுக்கு அது அவ்வளவு விளங்காததும் அல்ல. அவர் இறந்தது 1955 செப்டம்பரில். அந்த ஆண்டு மே மாதம்தான் இந்து திருமணச் சட்டம் அமலுக்கு வந்தது. விவாகரத்து உரிமையைத் தந்த அதே சட்டம், அவரைச் சிறைவாசல்வரை கொண்டுபோன அதே பரிகாரத்தை, சிறையை மட்டும் கழித்துவிட்டு, தன் 9ஆம் பிரிவாக வைத்துக்கொண்டது. இந்தப் பரிகாரத்தை நமக்கு ஏற்றுமதி செய்த இங்கிலாந்து 1970இல் அதைக் கைவிட்டுவிட்டது. நாம் அதைப் பத்திரமாகப் பாதுகாக்கிறோம்.

*

கசப்பான விவாகரத்து ஒருவரிடமிருந்து எடுத்துக்கொள்வது என்ன? பணம் போகும், வீடு போகும், தூக்கம் போகும். இவையெல்லாம் தெரிந்த நஷ்டங்கள். தெரியாமல் போகும் நஷ்டம் ஒன்று உண்டு. சும்மா பேசும் திறன்.

வழக்கு நடக்கும் காலத்தில் மனிதர் மெல்ல மெல்ல ஒரு மனுவாக மாறுகிறார். என்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்று தேதிவாரியாக நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். வெறும் காய்ச்சலுக்கு வாங்கிய மாத்திரை ரசீதையும் தூக்கிப் போடக் கூடாது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, செலவு எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. நியாயமான ஏற்பாடு. ஆனால் பாலுக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, பிள்ளையின் வேன் கட்டணம் எவ்வளவு என்று தன் வாழ்க்கையைப் பட்டியலாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுப் பழகியவருக்கு, அதன்பின் கடையில் பால் வாங்குவதுகூட ஒரு வாக்குமூலம்போல் ஆகிவிடுகிறது.

2025 ஜூலையில் இன்னொரு தீர்ப்பு வந்தது. கணவனோ மனைவியோ மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்த தொலைபேசிப் பேச்சையும் விவாகரத்து வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் கட்டத்துக்கு வந்துவிட்ட திருமணம் ஏற்கெனவே முறிந்துவிட்டதன் அறிகுறி என்றும் கருத்துச் சொன்னது. சட்டப்படி வாதிடுவதற்கு இரு பக்கமும் நியாயம் உண்டு. வீட்டுக்குள் நடக்கும் கொடுமைக்கு வேறு சாட்சி எங்கே கிடைக்கும்? ஆனால் சில ஆண்டுகள் பதிவு செய்தவராகவும் பதிவு செய்யப்பட்டவராகவும் வாழ்ந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டில் குழம்பு நன்றாக இருந்தது என்று சொல்வதற்கு முன்னாலும் அவர் ஒரு நொடி யோசிப்பார். இது பின்னால் எங்கே வந்து நிற்கும்?

இதில் யார் குற்றவாளி என்பது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. என்னிடம் ஒரு மனு இருக்கிறது. அவரிடமும் ஒன்று இருக்கிறது. இரண்டிலும் இருப்பவர்களை எனக்கு அடையாளம் தெரியாது.

வழக்கு முடிந்ததும் பேச்சு திரும்பி வந்துவிடும் என்று நினைப்போம். வராது. முதலில் நாம் தேடுவது நண்பர்களை அல்ல, சாட்சிகளை. நம் கதையைக் கேட்டுத் தலையாட்டி, அவன் அப்படித்தான், அவள் அப்படித்தான் என்று சொல்ல ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கிடைக்கவும் செய்வார்கள். அவர்களோடு பேசி முடித்தால், தீர்ப்பு வந்த வழக்கை மறுபடி ஒரு முறை நடத்தி முடித்த களைப்புதான் மிஞ்சும். பழைய நண்பர்களோ தம்பதியாக வந்தவர்கள்; தம்பதியாகவே போய்விடுவார்கள். பீரோவும் கிரைண்டரும் யாருக்கு என்று பட்டியல் போட்டுப் பிரிக்கிறோம். நண்பர்களை எந்தப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை. இரு தரப்புக்கும் இல்லாமல் போவது அதனால்தானோ என்னவோ.

*

வேப்பம்பட்டு இதற்கெல்லாம் மருந்து என்று சொல்ல வரவில்லை. அது வயல்கள் மனைகளாகி, மனைகள் நகர்களாகி வளர்ந்த ஊர். ரயில்வே மேம்பாலப் பணி ஆண்டுக்கணக்கில் பாதியில் நின்றது. ஊர் நடுவே ஓடும் தண்டவாளத்துக்கு மட்டும் பெருமை உண்டு. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போன தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்தத் தடத்தில்தான் போனது. இப்போது அதில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும், ஆவடிக்கும், சென்னைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் நின்றுகொண்டே போகிறார்கள்.

இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் வேறெங்கிருந்தோ வந்தவர்கள். வாடகை கட்டுப்படியாகாமல் வந்தவர்கள், ஓய்வுபெற்று வந்தவர்கள், சொத்துப் பிரித்துக்கொண்டு வந்தவர்கள். பூர்வோத்தரம் விசாரிக்க ஆரம்பித்தால் எல்லோருக்கும் சங்கடம் என்பதால் யாரும் அதிகம் விசாரிப்பதில்லை. நான் வாடகைக்குக் கேட்டுப் போன வீட்டில் அந்த அம்மா வழக்கமான கேள்வியைத்தான் கேட்டார்.

"வீட்டுக்காரர் எங்க வேலை பாக்குறாரு?"

"நானும் பையனும்தாம்மா. நாங்க பிரிஞ்சிட்டோம்."

ஒரு கணம் பார்த்தார். "சரி. தண்ணி மோட்டார் காலையில ஆறு மணிக்குப் போடுவேன். குரல் குடுத்தா எழுந்து புடிச்சுக்கணும். அப்புறம் தண்ணி இல்லன்னு சொல்லக் கூடாது."

அதற்கு முன் பார்த்த வீடுகளில் இந்த இடத்தில் பேச்சு முடிந்துபோயிருந்தது. இங்கே மோட்டாருக்குப் போனது. அந்த அம்மாவுக்குப் பெண் விடுதலை பற்றி எந்தக் கொள்கையும் இருப்பதாகத் தெரியவில்லை. தண்ணீரைப் பற்றித் திட்டவட்டமான கொள்கை இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

ரயிலின் பெண்கள் பெட்டியில் நட்பு உண்டாகும் விதமே வேறு. அங்கே யாரும் யாரிடமும் பெயர் கேட்டுத் தொடங்குவதில்லை. எங்கே ஏறுகிறாள், எங்கே இறங்குகிறாள், இவைதான் ஜாதகம். திருவள்ளூரில் ஏறுகிறவர்கள் புட்லூர், செவ்வாப்பேட்டை, வேப்பம்பட்டு ஆட்களுக்கு இடம் போட்டு வைப்பார்கள். கைப்பையோ டிபன் டப்பாவோ வைத்த இடம் உன்னுடையது. ஒரு நாள் நீ வராவிட்டால், மறுநாள் "நேத்து என்னாச்சு?" என்று கேட்பார்கள். ஏன் வரவில்லை என்பதற்குச் சான்று கேட்க மாட்டார்கள்.

புட்லூரில் ஏறும் அக்கா ஒருவர் எனக்கு இடம் போட ஆரம்பித்து வெகுநாள் கழித்துத்தான் என் கதை அவர் காதுக்குப் போனது. நான்தான் சொன்னேன், வாய் தவறி. சொல்ல ஆரம்பித்ததும் பழைய பழக்கத்தில் தேதிகளோடு வரிசையாக வந்தது. அவர் பட்டாபிராம் வரை கேட்டார். பிறகு, "அது கெடக்கட்டும்மா. வீட்ல முருங்கை தழைஞ்சு கெடக்குது, நாளைக்குக் கீரை எடுத்தாரட்டா?" என்றார்.

அன்று எனக்கு அது சுருக்கென்றது. இத்தனை பெரிய அநியாயத்தைச் சொல்கிறேன், கீரையைப் பற்றிப் பேசுகிறாரே என்று. ஆனால் கேட்டவுடன் தீர்ப்புச் சொல்லாத முதல் ஆள் அவர். நான் செய்தது சரி என்றும் அவர் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. சேர்ந்துவிடு, வேறு பார் என்ற இரண்டில் ஒன்றையும் எடுக்கவில்லை. என் கதையை மறுக்காமல், அதை என் முகவரியாகவும் ஆக்காமல், மறுநாளைக்கு ஒரு வேலை வைத்தார். மறுநாள் கீரை வந்தது. அதை ஆய்ந்துகொண்டே ஆவடிவரை எதைப் பற்றியோ பேசினோம். என்ன பேசினோம் என்பது இப்போது நினைவில்லை. நினைவில் வைக்க வேண்டிய அவசியமில்லாத பேச்சைப் பேசி அப்போது ஆண்டுகள் ஆகியிருந்தன.

*

ஆண்களுக்கு இது இன்னும் கடினம் என்று நினைக்கிறேன். ஆண்கள் பெட்டியில் அரசியல் பேசலாம், கிரிக்கெட் பேசலாம், சீட்டு ஆடலாம். மனைவி பிரிந்து போனதைப் பேச அங்கே இடமில்லை. சொன்னால் "விடு மச்சான், பாத்துக்கலாம்" என்று முதுகில் ஒரு தட்டு. தமிழ்நாட்டில் ஆண்களின் துக்கத்தைக் கேட்கும் பொறுப்பை நடைமுறையில் ஓர் அரசு நிறுவனம் ஏற்றிருக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடுகிறார்கள். ஆறுதலுக்கு விலை உண்டு. வருவாய் கஜானாவுக்குப் போகிறது. வழக்கில் ஜெயித்த ஆணும் தோற்ற ஆணும் அங்கே ஒரே மேசையில் உட்காரலாம் என்பதை மட்டும் சமத்துவம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதற்கு மாற்றாக இப்போது பரவலாகக் கிடைக்கும் அறிவுரை, உன்னை நீயே நேசி, உன்னுள்ளேயே உன்னைக் கட்டி எழுப்பு என்பது. கைப்பேசியைத் திறந்தால் யாராவது ஒருவர் இதை உணர்ச்சியோடு சொல்லிக்கொண்டிருப்பார். திருநின்றவூர்க்காரரான பூசலார் நாயனார் இதைச் செய்து காட்டியவர். சிவனுக்குக் கோயில் கட்டப் பணம் கேட்டு அலைந்தார், ஒருவரும் தரவில்லை. மனத்துக்குள்ளேயே கல் தேடி, நாள் பார்த்து, அஸ்திவாரம் போட்டு, விமானம்வரை கட்டி முடித்துக் குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். காஞ்சியில் கயிலாசநாதர் கோயிலைக் கட்டிய பல்லவ மன்னனும் அதே நாளைக் குறித்திருந்தான். சிவன் மன்னன் கனவில் வந்து, அன்றைக்கு எனக்கு நின்றவூரில் வேலை இருக்கிறது, நீ வேறு நாள் பார் என்றாராம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் அகத்தின் வலிமையைச் சொல்வார்கள். சேக்கிழார் கதையை அங்கே நிறுத்தவில்லை. மன்னன் அந்தக் கோயிலைத் தேடிக்கொண்டு நின்றவூருக்கு வருகிறான். பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று ஊராரைக் கேட்கிறான். ஊராருக்குத் தெரியவில்லை. பிறகு பூசலாரையே கேட்கிறான். அப்படி ஒருவன் வந்து கேட்டிராவிட்டால், பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் சும்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஆள்தான். உள்ளுக்குள் எவ்வளவு கட்டினாலும், அது எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு இன்னொருவர் வாசலுக்கு வர வேண்டியிருக்கிறது.

வள்ளுவர் நட்புக்கு ஐந்து அதிகாரங்கள் தந்தார். அவற்றைப் பொருட்பாலில் வைத்தார். நாடு, அரண், பொருள், படை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக வருகிறது நட்பு. படைச்செருக்கு 78, நட்பு 79. போரைப் பேசி முடித்த கையோடு நண்பனைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார். நட்பு என்பது மிஞ்சிய நேரத்துக்கான இனிப்புப் பண்டம் அல்ல, ஒரு நாடு நிலைத்து நிற்கத் தேவையான உறுப்பு என்று அவர் கருதியிருக்க வேண்டும். 80ஆவது அதிகாரத்தில், ஆராய்ந்து நட்புக் கொள் என்கிறார். பெண் பார்க்கும் படலத்துக்கு அரைமணி நேரமும் ஒரு தட்டு பஜ்ஜியும் போதும் என்று வைத்துக்கொண்ட சமூகம் நம்முடையது.

நட்புக்குச் சங்க காலத்திலேயே ஒரு நேர் உதாரணமும் உண்டு. உறையூர்க் கோப்பெருஞ்சோழனோடு பெற்ற பிள்ளைகளே போருக்கு எழுந்தார்கள். அவனும் படை திரட்டினான். புல்லாற்றூர் எயிற்றியனார் இடித்துரைத்துத் தடுத்தார். குடும்பம் உடைந்த அந்த மன்னன் வடக்கிருக்கத் துணிந்தபோது, தான் நேரில் பார்த்தே இராத பாண்டிநாட்டுப் பிசிராந்தையாருக்கு இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான். வரமாட்டார் என்றார்கள் சுற்றியிருந்த சான்றோர். ஆந்தையார் வந்தார். பேகனிடம் போன புலவர்கள் குடும்பத்தை ஒட்டவைக்கப் போனவர்கள். எயிற்றியனார்கூட ஒரு சண்டையை நிறுத்தத்தான் பேசினார். ஆந்தையார் வந்தது எதையும் தீர்க்க அல்ல. பக்கத்தில் உட்கார.

*

பக்கத்தில் உட்காருபவருக்குச் சட்டத்தில் என்ன இடம் என்று தேடிப் பார்த்தேன். வங்கிக் கணக்குக்குத் தோழியை நாமினியாகப் போடலாம். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில், குடும்பம் என்று ஒன்று இருக்கும்வரை போட முடியாது. குடும்ப அட்டையில் அவருக்கு இடமில்லை. மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் படிவத்தை நீட்டும்போது "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்பார்கள், தோழி என்ற பதில் அங்கே செல்லுபடியாவது அபூர்வம். ஒரே ஒரு சட்டம் தாராளமாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 14ஆம் பிரிவில், வயது வந்த எவரும் தனக்கு வேண்டிய வேறொரு வயது வந்தவரைத் தன் நியமனப் பிரதிநிதியாக எழுதி வைக்கலாம் என்கிறது. உறவுமுறை கட்டாயம் இல்லை. ஒருவருக்குப் புத்தி பேதலிக்கக்கூடும் என்ற நிலையில்தான் நண்பரை நம்ப அரசு ஒத்துக்கொள்கிறது.

நட்புக்கும் பதிவேடு வேண்டும், சான்றிதழ் வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. மருத்துவமனைப் படிவம் வரைக்கும் கேட்க வேண்டியதுதான். அதற்கு மேல் கேட்க எனக்கு மனமில்லை. சாட்சி, கையெழுத்து, பதிவு எல்லாம் இருந்த ஓர் உறவிலிருந்து வெளியே வந்தவர்கள் நாங்கள். அந்தக் கையெழுத்து ஒவ்வொன்றும் பின்னால் ஆவணமாகத் திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள். நட்பில் எதுவும் பதிவாவதில்லை என்பது அதன் பலவீனம்தான். நாளைக்கே புட்லூர் அக்கா வேறு ரயிலுக்கு மாறிப் போனால், என்னைக் கேட்காமல் எப்படிப் போகலாம் என்று எந்த நீதிமன்றத்திலும் முறையிட முடியாது. அந்தப் பாதுகாப்பின்மையைத் தெரிந்தே ஒருவருக்கு இடம் போட்டு வைக்கிறோம். திருமணத்தில் நமக்கு இருந்த அத்தனை பாதுகாப்புகளையும் யோசித்துப் பார்த்தால், இது ஒன்றும் மோசமான பேரம் இல்லை.

நட்பு நியாயம் வழங்காது. தோற்ற வழக்கு தோற்றதாகவே இருக்கும். வரவேண்டிய பாக்கி வராமலும் போகலாம். பிள்ளையின் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தந்தை பெயர் என்ற இடம் அப்படியே இருக்கும். ஒரு நாள் அந்த அக்கா, "பையனுக்கு பீஸ் ஒழுங்கா கட்டுறாரா?" என்று கேட்டார். கட்டுகிறார் என்றேன். "அந்த வரைக்கும் பரவால்ல" என்றார். எதிர்தரப்பைப் பற்றி என் முன்னால் சொல்லப்பட்ட ஒரு நல்ல வார்த்தை. அதை நான் எங்கும் குறித்துக்கொள்ளவில்லை. மறுக்க ஆதாரமும் தேடவில்லை. புதிதாகத் தொடங்குவது என்று எல்லோரும் பெரிதாகச் சொல்வது இந்த அளவுக்குச் சிறியதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எனவே உறவினர்களுக்கும், அவர்களைவிட அக்கறையுள்ள மற்றவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மனு எழுதிப் பழகிய கை என்பதால் சுருக்கமாகவே முடிக்கிறேன். பிரிந்து வந்த ஒருவரை நீங்கள் பார்க்கும்போது உங்கள் வாயில் இரண்டு கேள்விகள் தயாராக இருக்கும். சேர்ந்துவிடக் கூடாதா என்பது ஒன்று; வேறு பார்க்கலாமே என்பது மற்றொன்று. இரண்டையும் நீதிமன்றம் முறைப்படி கேட்டு முடித்துவிட்டது. நீங்கள் மூன்றாவதாக எதையாவது கேளுங்கள். அதன் பதிலை எங்கேயும் தாக்கல் செய்ய வேண்டியிராத எதையாவது.